இளையவர் முதலில் பேசிய சபை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புனித வெள்ளியை ஒட்டி உங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் இயேசு மீது நடந்த விசாரணையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உருக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் யூதர்களின் தலைமைச் சங்கத்தைப் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வரி, அநியாயத் தீர்ப்புக் கொடுத்த கூட்டம் என்று. நான் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு கிராமத்துக் கத்தோலிக்கன், முப்பது வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இரண்டு காரணத்தாலும் அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

அந்தத் தலைமைச் சங்கத்தின் பெயர் சன்ஹெட்ரின். அது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, கூடி உட்காருதல் என்று பொருள். எருசலேமில் பெரிய சபைக்கு 71 பேர், ஊர்களில் இருந்த சிறிய சபைக்கு 23 பேர், பணத் தகராறு என்றால் 3 பேர் போதும். கொலைவழக்கு மாதிரி உயிர் போகிற வழக்கை 23 பேர் விசாரித்தார்கள், தலைமைக் குரு மீதோ யூதர்களின் குலம் ஒன்றின் மீதோ வழக்கு என்றால்தான் 71 பேர். பெரிய சபை கூடிய இடம் ஆலயத்தை ஒட்டி இருந்த, செதுக்கிய கல்லால் கட்டிய மண்டபம். அவர்கள் உட்கார்ந்த விதத்தை மிஷ்னா என்கிற யூதச் சட்டத் தொகுப்பு எப்படிச் சொல்கிறது தெரியுமா? வட்டமான கதிரடிக்கும் களத்தில் பாதி மாதிரி. நம்ம பக்கத்து ராகிக் களத்தைப் பாதியாக வெட்டி அதன் ஓரத்தில் எல்லோரும் உட்கார்ந்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க வேண்டும், அதுதான் காரணம். இரண்டு பக்கமும் இரண்டு எழுத்தர்கள் நின்றுகொண்டு விடுவிக்கச் சொல்கிறவர் பேச்சையும் தண்டிக்கச் சொல்கிறவர் பேச்சையும் எழுதினார்கள். கோர்ட்டில் பேனா பிடித்தவன் என்பதால் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

உயிர் போகிற வழக்கில் பேச்சை விடுவிக்கும் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். விடுவிக்க ஒரு ஓட்டு கூட இருந்தால் போதும், தண்டிக்க இரண்டு ஓட்டு கூட வேண்டும். விடுதலை என்றால் அன்றைக்கே சொல்லிவிடலாம், தண்டனை என்றால் மறுநாள்தான் சொல்லலாம். இடைப்பட்ட அந்த ராத்திரி நீதிபதிகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, சாப்பாட்டைக் குறைத்து, திராட்சரசம் தொடாமல், விடிய விடிய அந்த வழக்கையே பேசிக்கொண்டிருக்க வேண்டும். தண்டிக்கச் சொன்னவர் காலையில் மனசு மாறி விடுவிக்கச் சொல்லலாம், விடுவிக்கச் சொன்னவர் அப்படி மாற முடியாது. எதிரே மூன்று வரிசையில் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து, குற்றவாளிக்குச் சாதகமாக எனக்கு ஒரு விஷயம் தோன்றுகிறது என்றால், அவனை மேலே ஏற்றி நீதிபதிகளோடு உட்கார வைப்பார்கள், அன்று முழுக்க அவன் கீழே இறங்க வேண்டியதில்லை.

இதைவிட எனக்குப் பெரியதாகத் தெரிவது இன்னொரு விதி. பண வழக்கில் மூத்தவர் முதலில் கருத்துச் சொல்லலாம். உயிர் வழக்கில் அப்படிக் கிடையாது, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இளையவர்தான் முதலில் பேச வேண்டும். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர் மனசில் இருப்பது வெளியே வராது என்று அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது, சுமார் இருபது வருஷத்துக்கு முன்னால். கிணற்று மோட்டாருக்குப் போகிற காப்பர் கேபிள் ராத்திரியில் காணாமல் போய்விட்டது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்க்கவுண்டர் உட்கார்ந்ததுமே ஒரு பையன் பேரைச் சொல்லி, வேற யார் செய்யப் போறாங்க என்றார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசிய பத்துப் பதினைந்து பேரும் அதையே திருப்பிச் சொன்னார்கள், சாட்சி என்று ஒருத்தர்கூட இல்லை. அபராதம் கட்ட அந்த வீட்டில் இரண்டு ஆட்டை விற்றார்கள். பையன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான், அதற்கப்புறம் திருவிழாவுக்குக்கூட வரவில்லை. சில மாசம் கழித்து வேறு ஊர் ஆட்கள் கேபிளோடு மாட்டினார்கள், எங்கள் ஊரில் எடுத்ததையும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். கோர்ட்டில் தினமும் வாக்குமூலம் பார்க்கிறவன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பெரியவர் சொன்ன பிறகு எப்படி எதிர்த்துப் பேசுவது என்றுதான் அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தால் எனக்குக் கண் நிமிராது.

சரி, சங்கத்துக்கு வருகிறேன். 71 பேரோ 23 பேரோ, எல்லோரும் ஒரே குரலில் குற்றவாளி என்றால் அவனை விட்டுவிட வேண்டும் என்று மிஷ்னாவுக்கு விளக்கமாகப் பின்னால் வந்த தல்மூத் சொல்கிறது. முதலில் எனக்கு இது விளங்கவே இல்லை. அவன் பக்கம் நின்று யோசிக்க ஒருத்தர்கூட இல்லாத சபையில் அந்த ராத்திரி யோசனைக்கே வேலையில்லாமல் போய்விடுகிறதே, அதனால்தான். எங்கள் ஊர்க்கூட்டமும் அன்றைக்கு ஒரே குரலில்தான் பேசியது.

தீர்ப்புச் சொன்ன பிறகும் முடியாது. சபையின் வாசலில் ஒருவன் கையில் துணியோடு நிற்பான், அவன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இன்னொருவன் குதிரையில் காத்திருப்பான். யாராவது வந்து எனக்கு ஒரு சாதகமான விஷயம் தெரியும் என்றால் இவன் துணியை வீசுவான், குதிரைக்காரன் ஓடிப்போய் தண்டனையை நிறுத்துவான். குற்றவாளியே எனக்காக ஒன்று சொல்ல வேண்டும் என்றாலும், சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருந்தால், நாலு ஐந்து தடவைகூடத் திரும்ப அழைத்து வருவார்கள்.

இவ்வளவு நல்ல விதி இருந்தால் இயேசுவுக்கு ஏன் அப்படி நடந்தது என்று கேட்பீர்கள். மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில், ஆலயம் இடிந்து நூறு வருஷத்துக்கும் மேலே ஆன பிறகு. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று ரபிகள், அதாவது யூத மத குருக்கள், வைத்த இலட்சியமும் அதில் கலந்திருக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இயேசுவை விசாரித்த தலைமைக் குரு கயபா காலத்துச் சங்கமோ ரோமானிய ஆளுநரின் கைக்குக் கீழே இருந்தது, சிலுவையில் அறைய உத்தரவு போட்டவர் அந்த ஆளுநர் பிலாத்து. அந்தக் குற்றத்தை அன்றிருந்த எல்லா யூதர் மேலும் இன்றைய யூதர் மேலும் சுமத்தக் கூடாது என்று 1965இல் நம் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமே அறிவித்துவிட்டது. அதே யூதத் தலைமைச் சங்கத்தில்தான் கமாலியேல் எழுந்து திருத்தூதர்களை விட்டுவிடுங்கள் என்றார், அரிமத்தியா ஊர் யோசேப்பு தீர்ப்புக்கு உடன்படவில்லை. இதெல்லாம் நம்முடைய நற்செய்தியிலும் திருத்தூதர் பணியிலுமே இருக்கிறது.

ஏழு வருஷத்தில் ஒருவரைக் கொன்றாலும் அது நாசகாரச் சபை என்கிறது மிஷ்னா. எழுபது வருஷத்தில் ஒருவர் என்றாலே அப்படித்தான் என்றார் ரபி எலெயாசர் பென் அசரியா. நாங்கள் இருந்திருந்தால் ஒருவரைக்கூடக் கொல்ல விட்டிருக்க மாட்டோம் என்றார்கள் ரபி தர்போனும் ரபி அக்கிவாவும். அப்படியானால் நீங்கள் கொலைகாரர்களைப் பெருக வைத்திருப்பீர்கள் என்று ரபான் சிமியோன் பென் கமாலியேல் திருப்பிக் கேட்டார். இந்தப் பதிலையும் அழிக்காமல் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். தர்மபுரிக்காரர்களுக்கு இந்த இரண்டு பக்கத்தின் கனமும் தெரியும். 2000 பிப்ரவரி 2ஆம் தேதி இலக்கியம்பட்டியில் பேருந்தை எரித்ததில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். அந்த வழக்கில் குற்றவாளிகள் மூவருக்கு விதித்த தூக்குத் தண்டனையை 2010இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றமே 2016இல் அதை ஆயுளாகக் குறைத்தது. அன்றைக்கு டீக்கடையில் நடந்த வாக்குவாதம் அக்கிவாவுக்கும் சிமியோனுக்கும் நடந்த அதே வாக்குவாதம்தான்.

கி.பி. 70இல் ரோமானியர் ஆலயத்தை எரித்த பிறகு சபை யாவ்னே என்ற ஊருக்குப் போனது, பிறகு கலிலேயாவுக்கு, கடைசியில் திபேரியா, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தும் போனது. 1538இல் சஃபேத் ஊரில் அதை உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள், எருசலேம் ரபி ஒருவரின் எதிர்ப்பால் நின்றுபோனது. 1807இல் நெப்போலியன் பாரிஸில் 71 பேரைக் கூட்டி அதே பெயர் வைத்தார், ஆனால் அது அரசாங்கத்துக்குப் பதில் சொல்லக் கூட்டிய சபை. இஸ்ரேல் 1954இலேயே கொலைக்குற்றத்துக்கு மரண தண்டனையை எடுத்துவிட்டது. அங்கே பொது நீதிமன்றம் விதித்து நிறைவேறிய மரண தண்டனை ஒன்றே ஒன்று, 1962இல் நாஜி அதிகாரி ஐக்மனுக்கு. அமெரிக்காவில் 1966இல் மிராண்டா வழக்கில், ஒருவன் தனக்கு எதிராகவே பேசும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தபோது அடிக்குறிப்பில் பழைய யூதச் சட்டத்தைக் காட்டினார்கள். வெறும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து அந்தப் பழைய யூதச் சபை யாரையும் கொல்ல முடியாது, இரண்டு சாட்சி வேண்டும். காவல் நிலையத்தில் வாங்கும் வாக்குமூலம் எப்படி வருகிறது என்று தெரிந்த எனக்கு இதன் அருமை புரியும்.

இயேசுவின் பாடுகளைக் காட்டும் எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்தில் சங்கத்துக்காரர்கள் வந்தாலே சின்னப் பிள்ளைகள் பயந்து கத்தும், தாடியும் கறுப்பு அங்கியும் அப்படி. அந்தச் சங்கத்தில் ஒருவரான நிக்கதேம் ஒரு ஓரமாக நிற்பார், அவருக்கு வசனமே கிடையாது. யோவான் 7ஆம் அதிகாரத்தில் அவர், ஒருவனுடைய பேச்சைக் கேட்காமலேயே அவனுக்குத் தீர்ப்பிட நம் சட்டம் விடுகிறதா என்று மற்ற தலைவர்களைக் கேட்கிறார். அந்த ஒரு கேள்வியை நாடகத்தில் சேர்க்கச் சொல்லி பங்குத்தந்தையிடம் பேசியிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார். அடுத்த தவக்காலத்துக்குள் எங்கள் ஊர் ஆட்களைச் சம்மதிக்க வைத்துவிடுவேன். நீங்களும் அடுத்த வருஷம் கட்டுரை போடும்போது, கையில் துணியோடு வாசலில் நின்றவனுக்கும் குதிரையில் காத்திருந்தவனுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்