லீஃப்ஸுக்கு எத்தனை சண்டியன் வேண்டும்?

ஸ்காபரோ, 2025 செப்டம்பர்

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் பொது மேலாளர், மதிப்புக்குரிய பிராட் ட்ரெலிவிங் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை நீங்கள் வாசிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் சனி இரவுகளில் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்தபடி இருக்கிற தமிழர் கனபேர். அவர்கள் வாசிப்பார்கள். வாசித்துவிட்டுப் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கும் வருவார்கள். முதல் ஆளாக வரப்போகிறவர் என் மச்சான்.

இன்னும் சில நாட்களில் பயிற்சி முகாம் தொடங்குகிறது. மச்சானின் பல்லவியும் தொடங்கிவிட்டது. "உவங்கள் சொஃப்ட்டான பெடியள். ரெண்டு சண்டியனைப் பிடிச்சுப் போட்டால்தான் பிளேஓஃப்பில தப்பலாம்." பிளேஓஃப் என்றால் பருவக் கடைசியில் ஸ்டான்லி கிண்ணத்துக்காக ஆடுகிற தொடர்கள், பெரும்பாலும் ஏழில் நான்கு ஆட்டம் வென்றவர் மிஞ்சுவார். மார்ச் மாதம் வீரர்களைக் கைமாற்றும் கடைசி நாள் நெருங்க நெருங்க இந்தப் பாட்டு ஊர் முழுக்கக் கேட்கும். வானொலியில் கேட்கும், டிம் ஹோர்ட்டன்ஸ் வரிசையில் கேட்கும். உங்கள் காதிலும் விழும். அதனால்தான் மார்ச் வரை பொறுக்காமல் இப்போதே எழுதுகிறேன்.

சண்டியன் என்ற சொல்லை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். எங்கள் ஊரில் சந்திக்கொரு சண்டியன் இருந்தான். அடுத்த ஊர்க்காரன் வந்து வாலாட்டாமல் இருக்க அவன் தேவை என்று பெரியவர்களே சொல்வார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் நடந்து வந்தால் சந்தி அடங்கும். ஆனால் தேர்த் திருவிழா அன்று வடம் பிடிக்கிற கூட்டத்தில் அவனைக் காணமுடியாது. எங்காவது ஒரு மதில் கரையில் நின்று தேர் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ரையன் ரீவ்ஸை நீங்கள் 2023 கோடையில் எடுத்தபோது மச்சான் அன்றே 75 ஆம் இலக்கச் சட்டை வாங்கினார். மூன்று வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் டொலர். நல்ல மனிதர், வாய்நிறையச் சிரிப்பு, கை ஓங்கினால் எதிராளி விழுவான். 2024-25 பருவத்தில் லீஃப்ஸுக்காக அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. மார்ச்சில், பிளேஓஃப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நீங்களே அவரை உங்கள் இரண்டாம்நிலை அணியான மார்லீஸுக்கு அனுப்பினீர்கள். இந்தக் கோடையில் சான் ஹோசேக்கு அனுப்பிவிட்டீர்கள். உங்கள் பயிற்சியாளர் கிரெய்க் பெரூபே விளையாடிய காலத்தில், தவறு செய்தவரை வெளியே இருத்தும் பெனால்டிப் பெட்டிக்குள் 3000 நிமிடங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர். அடிதடியின் அருமை தெரிந்த அவரே தேர் நாளில் சண்டியனைத் தேடவில்லை. மச்சானுக்கு இதைச் சொன்னால், "அது வேற கதை" என்கிறார். என்ன கதை என்று இதுவரை சொல்லவில்லை.

சரி, வருத்தமான கணக்கு ஒன்றைப் பார்ப்போம். தொடரின் கடைசி ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. 2019 இல் பொஸ்ரனிடம் 5-1. 2020 இல் கொலம்பஸிடம் 3-0. 2021 இல் மொன்றியலிடம் 3-1. 2022 இல் தம்பா பேயிடம் 2-1. 2024 இல் மறுபடி பொஸ்ரனிடம், மேலதிக நேரத்தில், 2-1. இந்த மே மாதம் புளோரிடாவிடம், அதுவும் எங்கள் சொந்த அரங்கில், 6-1. ஆறு ஆட்டங்களில் நாங்கள் அடித்தது ஐந்து கோல். 2023 இல் ஏழாவது ஆட்டம்வரை போகவே இல்லை. புளோரிடா ஐந்து ஆட்டங்களில் கதையை முடித்தது, அந்த ஐந்திலும் நாங்கள் அடித்தது ஆட்டத்துக்குச் சரியாக இரண்டு கோல், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2024 இல் பொஸ்ரனுக்கு எதிராக 21 பவர் பிளே கிடைத்தது. எதிரணியில் ஓர் ஆள் குறைவு, நாங்கள் ஐந்து பேர், அவர்கள் நான்கு. 21 தடவையில் ஒரே ஒரு கோல்.

இதில் எந்த இடத்தில் சண்டியன் வந்து என்ன செய்திருப்பான்?

மச்சானின் மிகப் பலமான வாதத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். இந்த மே மாதம், முதல் ஆட்டத்தில், புளோரிடாவின் சாம் பென்னட் எங்கள் கோலி, அதாவது கோல் காப்பாளர், அந்தனி ஸ்டோலார்ஸின் தலையில் முழங்கையால் இடித்தார். நடுவர்கள் பெனால்டி கொடுக்கவில்லை. ஸ்டோலார்ஸ் ஆசனத்தில் இருந்தபடி வாந்தி எடுத்தார், வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள், அந்தத் தொடரில் அவர் திரும்ப விளையாடவில்லை. அன்றிரவு நானும் கத்தினேன். என் மனைவி மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து என்ன நடந்தது என்று கேட்கிற அளவுக்குக் கத்தினேன். "பார், ஒருத்தனாவது போய்க் கேட்டானா?" என்றார் மச்சான். ஒருவரும் கேட்கவில்லைத்தான். ஆனால் அந்த ஆட்டத்தை 5-4 என்று நாங்கள் வென்றோம். அடுத்ததையும் வென்றோம். தொடர் கைவிட்டுப் போனது அதற்குப் பிறகுதான். கடைசி நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து லீஃப்ஸ் அடித்தது நான்கு கோல். பென்னட்டை யாராவது பிடித்து நாலு சாத்து சாத்தியிருந்தால் எனக்கும் மச்சானுக்கும் வயிறு குளிர்ந்திருக்கும், அந்த நான்கு ஐந்தாகியிராது.

வயிறு குளிர்ந்த கதையும் எங்களிடம் உண்டு. 2021, மொன்றியலோடு முதல் ஆட்டம். எங்கள் கேப்டன் தவாரெஸ் விழுந்த இடத்தில் மொன்றியலின் கோரி பெரியின் முழங்கால் தற்செயலாகத் தலையில் பட்டது. தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். உடனே நிக் ஃபொலின்யோ கையுறையைக் கழற்றிப் பெரியோடு சண்டை பிடித்தார். மானம் காத்தாயிற்று. ஃபொலின்யோவை எடுக்க முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை, அதாவது புது இளம் வீரர் ஒருவரை முதல் சுற்றில் தெரிவுசெய்யும் உரிமையை, கொலம்பஸுக்குக் கொடுத்திருந்தார்கள். முதுகு நோவோடு நான்கு ஆட்டம் ஆடினார், மற்றவர் கோலுக்குக் கைகொடுத்து ஒரு அசிஸ்ட் எடுத்தார். 3-1 என்று முன்னால் நின்ற தொடரை நாங்கள் 4-3 என்று இழந்தோம்.

எனக்கு ஹொக்கி பழக்கியது 1993. வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. ஒரு உணவகத்தில் இரவில் கோப்பை கழுவும் வேலை. சமையற்கட்டுக் கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் மதுச்சாலைப் பக்கத்துத் தொலைக்காட்சி தெரியும். பக் என்கிற அந்தக் கறுப்பு வட்டு எங்கே போகிறது என்றே கண்ணுக்குத் தெரியாத காலம். ஆனால் 93 ஆம் இலக்கச் சட்டையோடு ஒரு மெலிந்த ஆள் ஓடித் திரிவது மட்டும் தெரிந்தது. டக் கில்மோர். அந்தப் பருவத்தில் கோலும் அசிஸ்டுமாக 127 புள்ளி. லொஸ் ஏஞ்சல்ஸ் தொடரின் முதல் ஆட்டத்தில் மார்ட்டி மக்சோர்லி கில்மோரை இடித்து வீழ்த்த, கேப்டன் வெண்டல் கிளார்க் போய் மக்சோர்லியின் முகத்தைப் பதம் பார்த்தார். மச்சான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் காட்சியைத்தான். அவர் சொல்லாமல் விடுவது ஆறாவது ஆட்டத்தை. தோற்கும் நிலையில் இருந்த அணிக்காக அதே கிளார்க் மூன்று கோல் அடித்து ஆட்டத்தை மேலதிக நேரம்வரை இழுத்தார். பிறகு லொஸ் ஏஞ்சல்ஸின் கிரெட்ஸ்கி எங்களை முடித்தது வேறு துக்கம், அதை இங்கே தொடக்கூடாது, தொட்டால் மடல் முடியாது. கிளார்க் சண்டைக்காகத் தனியாக வாங்கிவந்த ஆள் அல்ல. கோல் அடிக்கிறவரே அடிக்கவும் செய்தார். 170 இறாத்தல் சொச்சம் இருந்த கில்மோர் வலை ஓரத்தில் வாங்கிய அடிகளை நான் கதவிடுக்கால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழும்பி அதே இடத்துக்குத்தான் போனார்.

இதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கல்கரி அணியில் நீங்கள் பொறுப்பெடுத்த 2014 இல் முதல் தேர்வாக எடுத்த பையன் யார்? சாம் பென்னட். 2016 இல்? மத்தியூ கச்சக். பென்னட்டை 2021 இல் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கும் ஓர் இளம் வீரருக்கும் புளோரிடாவுக்குக் கொடுத்தீர்கள். நீண்ட ஒப்பந்தம் வேண்டாம் என்று கச்சக் சொன்னதால் அவரையும் 2022 இல் அங்கேயே அனுப்பவேண்டி வந்தது. இந்த வருடப் பிளேஓஃப்பில் பென்னட் 15 கோல் அடித்தார், கிண்ணத்தோடு சிறந்த வீரர் விருதையும் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் 2019 இல் விற்ற நசீம் காத்ரி இருக்கிறாரே, பொஸ்ரனுக்கு எதிராக இரண்டு வருடம் அடுத்தடுத்து நிதானமிழந்து தடை வாங்கியவர், அவர் 2022 இறுதித் தொடரில் முறிந்த பெருவிரலோடு கொலராடோவுக்காக மேலதிக நேரக் கோல் அடித்துக் கிண்ணம் வென்றார். அதே வருடம் ஓகஸ்டில் அவரைக் கல்கரிக்கு எடுத்தவரும் நீங்கள்தான். ஆளை அடையாளம் காணத் தெரியாதவர் என்று உங்களை ஒருவரும் சொல்லமுடியாது. அதனால்தான் எனக்குக் கோபம் கூட.

வலைக்கு முன்னால் நிற்பது என்றால் என்ன என்று தெரியாத வாசகருக்காக ஒரு வார்த்தை. கோலியின் கண்ணை மறைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். பின்னாலிருந்து எதிரணித் தடுப்பாளர் தடியால் முதுகிலும் கையிலும் குத்திக்கொண்டே இருப்பார். பிளேஓஃப்பில் நடுவர் அதைக் காணாதமாதிரி நிற்பார். முன்னாலிருந்து சொந்த அணிக்காரன் அடிக்கிற பக் கால்முட்டி உயரத்தில் வரும். அதைத் தடியால் தட்டித் திசைமாற்ற வேண்டும், இல்லையென்றால் கோலி தட்டிவிட்டதை மற்றவனுக்கு முந்திப் பொறுக்க வேண்டும். உரலுக்குள் தலையை விட்டவன் உலக்கைக்குப் பயப்படலாமா? அந்த இடத்துக்குப் போகாமல் தூரத்தில் நின்று அழகாகப் பந்தாடினால் நவம்பரில் கோல் விழும், மே மாதத்தில் விழாது.

சென்ற பருவத்தில் எங்கள் முன்வரிசை நட்சத்திரங்கள் மத்தியூஸ், நீலாண்டர், தவாரெஸ், மார்னர் நால்வரின் சம்பளமும் சேர்ந்தால் 4 கோடியே 66 லட்சம் டொலர், அணியின் சம்பள உச்சவரம்பு 8 கோடியே 80 லட்சத்தில் பாதிக்கும் மேல். அவர்கள் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். மத்தியூஸ் சென்ற பருவம் முழுக்கக் காயத்தோடு ஆடினார். ஆனால் பாதிப் பணம் போகிற கையிலிருந்து வராத துணிவை ஒரு துளிப் பணத்துக்கு வெளியில் வாங்கி நிரப்பலாம் என்று வருடாவருடம் நினைத்தோமே, அதைத்தான் சொல்கிறேன். பின்வரிசையில் இப்போது உயரத்துக்கும் உடம்புக்கும் குறைவில்லை. டானெவ், மக்கேப், கார்லோ எல்லாரும் பக்குக்கு முன்னால் உடம்பைப் போடுகிறவர்கள். இந்தக் கோடையில் நிக்கலஸ் ரோயும் டக்கோட்டா ஜோஷுவாவும் வந்திருக்கிறார்கள், இருவரும் ஆறடிக்கு மேல். இன்னும் யாரை வாங்குவது, எதைக் கொடுத்து? 2025 இன் முதல் சுற்றுத் தேர்வு சிக்காகோவுக்குப் போயிற்று, அது உங்களுக்கு முந்தியவர் செய்தது. 2026 இனது பொஸ்ரனுக்கும் 2027 இனது பிலடெல்பியாவுக்கும் நிபந்தனைகளோடு போயிற்று, அவை நீங்கள் செய்தவை. விதை நெல்லை அவித்துத் தின்றாயிற்று.

ஆகவே என் கோரிக்கை இவ்வளவுதான். வருகிற மார்ச்சில் கை நீட்டாதீர்கள். மத்தியூ நைஸை ஆறு வருடத்துக்குக் கட்டிப்போட்டீர்கள், அதற்கு இந்த ஸ்காபரோக்காரனின் நன்றி. சென்ற பருவத்தில் 29 கோல், அதில் எத்தனை வலை வாசலில் நின்று அடித்தவை என்று உங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பையன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒக்டோபரிலிருந்தே மத்தியூஸையும் நீலாண்டரையும் நிறுத்தச் சொல்லுங்கள் பெரூபேயிடம். போகமாட்டேன் என்கிறவரை ஒரு கட்டம் ஆசனத்தில் இருத்துங்கள், அவர் யாராக இருந்தாலும். நாங்கள் கத்துவோம், கவலைப்படாதீர்கள், எங்களுக்கு அது பழக்கம்.

கடைசியாகக் கிண்ணம் வென்ற 1967 இலிருந்து இந்த நகரம் காத்திருக்கிறது. நான் அதில் முப்பத்துமூன்று வருடம்தான் சேர்ந்தேன், எனவே பெரிதாக முறையிட உரிமை இல்லை.

மச்சானின் 75 ஆம் இலக்கச் சட்டை இப்போது கராஜில் பெயின்ட் வாளிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அவருடைய பிறந்தநாள் நவம்பரில் வருகிறது. நைஸின் 23 ஆம் இலக்கம் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு நீலச் சட்டைக்காரன்