டாங்கி இறக்கும் கப்பல்: செய்திகளில் விடுபடும் எண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டாங்கிகளைக் கரையிறக்கும் கப்பல் ஒன்று கடற்படையில் சேரும்போதும் பணி ஓய்வு பெறும்போதும் வரும் செய்திகளில், எத்தனை டாங்கிகள் ஏறும், எத்தனை வீரர்கள் ஏறுவார்கள் என்ற இரண்டு எண்கள் தவறுவதில்லை. ஏற்றிச் செல்வதைப் பெரிய சரக்குக் கப்பல் எதுவும் செய்துவிடும். துறைமுகமும் கிரேனும் இல்லாத வெறும் மணற்கரையில் முட்டி நின்று, சுமையை இறக்கி, பிறகு தானாகவே கடலுக்குத் திரும்புவதுதான் இந்தக் கப்பலுக்கென்று உள்ள வேலை. அந்த வேலை நடக்குமா நடக்காதா என்பதைச் சொல்லும் எண்கள் செய்திகளில் இடம்பெறுவதே இல்லை.

இரண்டாம் உலகப் போரில், 1940இல் பிரான்ஸ் கரையிலுள்ள டன்கர்க்கில் கனரகத் தளவாடங்களைக் கைவிட்டுத் திரும்பிய பிரிட்டனுக்கு, டாங்கிகளோடு பெருங்கடலைக் கடந்து நேராகக் கரையில் இறக்கும் கப்பல் தேவைப்பட்டது. சிக்கல் வடிவமைப்பில் இருந்தது. பெருங்கடல் அலையைத் தாங்கக் கப்பல் நீருக்குள் நன்றாக அமிழ வேண்டும். கரையை நெருங்க அமிழவே கூடாது. 1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மையர் வரைந்த முதல் படமே இதற்கு விடை சொன்னது. பெரிய பாலாஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு ஆழமாக அமிழ்ந்து பயணம் செய்வது. கரைக்கு முன் அந்த நீரை வெளியேற்றி மேலெழும்புவது. 328 அடி நீளம், 50 அடி அகலம் கொண்ட இந்த வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அந்தப் போரில் கட்டப்பட்டன.

கரையேறும் நிலையில் இந்தக் கப்பலின் அணியம், அதாவது முன்பகுதி, நீருக்குள் சுமார் 4 அடியும், பின்பகுதி சுமார் 10 அடியும் அமிழ்ந்திருக்கும். இந்த 6 அடி வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது. 50 அடிக்கு 1 அடி சரியும் கடற்கரையைக் கணக்கில் கொண்டே கப்பலின் அடிப்பகுதியைச் சாய்த்தார்கள். சரிவும் சாய்வும் பொருந்தினால் கப்பல் நீளவாக்கில் மணலில் சீராக அமரும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: பெருங்கடலில் 2,000 டன்னை ஒட்டிய சுமையைத் தாங்கும் கப்பல், கரையேறும்போது ஏறக்குறைய 500 டன்னோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எத்தனை டாங்கிகள் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இதைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

சரிவு பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? 100 அடிக்கு 1 அடி மட்டுமே சரியும் கரையில் பின்பகுதிதான் முதலில் தரைதட்டும். அப்போது அணியம் நிற்கும் இடத்தில் கடல் இன்னும் 6 அடிக்கு மேல் ஆழமாக இருக்கும். வண்டிகள் இறங்கும் சாய்தளத்தை இறக்கினால், காற்றுக் குழாயும் புகைக் குழாயும் உயர்த்தப்படாத வண்டி அங்கேயே மூழ்கும். மாறாக 20 அடிக்கு 1 அடி என்று செங்குத்தாகச் சரியும் கரையில் அணியம் மட்டும் மணலில் ஊன்றும், பின்பகுதி மிதந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டு நீரோட்டம் அதைத் தள்ளிச் சுழற்றினால் கப்பல் கரைக்கு இணையாகக் குறுக்கே விழும். அந்த நிலையில் அலை முழுநீளத்திலும் மோதும், இறக்கும் வேலை நின்றுவிடும்.

சராசரிச் சரிவு சரியாக இருந்தாலும் கரைக்கு முன்னால் மணல்திட்டு மறைந்திருக்கலாம். திட்டில் தட்டியதைக் கரை தட்டியதாக நினைத்து இறங்கினால், திட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆளை விழுங்கும். 1971 டிசம்பரில் இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அருகே இந்தியப் படைகள் தரையிறங்க முயன்றபோது நடந்தது இதுதான். ஆழமான நீரில் இறங்கிய வீரர்கள் மூழ்கி இறந்தனர். மற்றவர்கள் கரை சேர உள்ளூர்ப் படகுகள் தேவைப்பட்டன. 1943இல் சிசிலியில் அமெரிக்கர்கள் இத்தகைய திட்டுகளை எதிர்பார்த்தே மிதவைப் பெட்டிகளை இணைத்த பாலங்களைக் கொண்டுபோனார்கள். ஆகவே கரையை முன்கூட்டி அளப்பதும் கப்பலைக் கட்டுவதும் ஒரே திட்டத்தின் இரு பாதிகள். ஆழம், மணலின் உறுதி, திட்டுகளின் இடம் எல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் ஒருமுறை அளந்தால் போதாது.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படும் உறுப்பு பின்நங்கூரம். கரையை நோக்கி வரும்போதே, கப்பலின் நீளத்தைப் போலச் சில மடங்கு தொலைவில், பின்புறத்திலிருந்து நங்கூரத்தைப் போட்டுவிட்டு, வடத்தைத் தளர்த்திக்கொண்டே கப்பல் முன்னேறும். கரையில் நிற்கும் நேரம் முழுவதும் வடம் விறைப்பாக இருக்க வேண்டும். பின்பகுதி சுழலாமல் பிடிப்பது அதுதான். திரும்பும்போது அணியத்துப் பாலாஸ்ட் நீரை வெளியேற்றி, வடம் சுற்றும் இயந்திரமான வின்ச்சால் வடத்தை இழுத்து, என்ஜினைப் பின்னோக்கி இயக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே நடக்க வேண்டும்.

இங்கே பிழைகள் எளிதில் நேரும். நங்கூரத்தைத் தாமதமாகப் போட்டால் வடத்தின் நீளம் போதாமல், இழுக்கும்போது நங்கூரமே மணலை உழுதுகொண்டு வரும். வடம் தொய்ந்தால் புரொப்பல்லரில் சிக்கும். வின்ச் இழுக்காதபோது என்ஜினை மட்டும் நெடுநேரம் பின்னோக்கி ஓட்டினால், புரொப்பல்லர் தள்ளும் நீர் மணலை அள்ளிக் கப்பலின் அடியிலேயே குவிக்கும். குளிர்விக்கும் கடல்நீரோடு மணலும் உள்ளே போய் வடிகட்டிகளை அடைத்து என்ஜின் சூடேறும். சுமை இறங்கஇறங்கக் கப்பல் இலேசாகி அலையில் தூக்கி மோதுவதும் உண்டு. அதனால்தான் கரையில் நிற்கும் நேரத்தில் சில தொட்டிகளில் நீரை ஏற்றிக் கப்பலை அழுத்தி வைக்கிறார்கள்.

ஓதக் கணக்கு, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரக் கணக்கு, தவறினால் மேற்சொன்ன எதுவும் உதவாது. நீர் ஏறும்போது கரை தட்டினால் ஏறிவரும் நீரே கப்பலைத் தூக்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் மிகை ஓதத்தின் உச்சியில் ஏறி நின்றுவிட்டால், அடுத்த மிகை ஓதம் வரை இரண்டு வாரம் அங்கேயே கிடக்க நேரலாம். 1944இல் பிரான்ஸின் நார்மண்டியில் முதலில் கப்பலின் முதுகு முறியுமோ என்று அஞ்சித் தெப்பங்களில் இறக்கினார்கள். பிறகு நீர் வற்றியதும் கப்பலை உலர்ந்த மணலில் உட்காரவிட்டு வண்டிகளை இறக்கியபோது வேலை மிக விரைவானது. உறுதியான மணலும் பெரிய ஓத வேறுபாடும் உள்ள கரையில் மட்டுமே இது நடக்கும்.

உள்ளே டாங்கித் தளம் இன்னொரு ஆபத்து. மூடிய தளத்தில் டாங்கிகள் ஒரே நேரத்தில் என்ஜினைக் கிளப்பினால் கார்பன் மோனாக்சைடு நிறையும். இதைச் சோதிக்கவே 1942இல் அமெரிக்காவின் ஃபோர்ட் நாக்ஸில் அந்தத் தளத்தின் முழு அளவு மாதிரியைக் கட்டினார்கள். டாங்கிகள் வெளியேறும் அணியக் கதவு கசிந்தால், குறுக்குச் சுவர் இல்லாத நீண்ட தளத்தில் நீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தோடிக் கப்பலைக் கவிழ்க்கும். இதே அமைப்பின் வழிவந்த, வண்டிகளும் ஏறும் பயணிகள் கப்பலான ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ், 1987இல் அணியக் கதவு திறந்தபடியே புறப்பட்டு 193 உயிர்களைப் பலிகொண்டதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கப்பல்கள் மெதுவானவை என்ற குறை உண்மைதான். தட்டை அடியும் மொண்ணை முகமும் கொண்ட 1942 வகை 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டவில்லை. 1969 முதல் வந்த அமெரிக்காவின் நியூபோர்ட் வகை, கதவை விடுத்துக் கூரிய முகத்துக்கு மேலாக 112 அடி சாய்தளத்தை நீட்டி 20 நாட்டை எட்டியது. இன்று காற்று மெத்தையில் மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் கலங்களும் ஹெலிகாப்டர்களும் இருப்பதால் இந்த வகையே தேவையில்லை என்கிறார்கள். ஹோவர்கிராஃப்ட் தட்டையான கரையிலும் ஏறும், ஆனால் பெரும்பாலும் ஒரு நடையில் கனமான டாங்கி ஒன்றைத்தான் கொண்டுவரும். கரை பொருந்திய இடத்தில் ஒரே முறையில் இருபது வண்டிகளை இறக்க வேறு வழி இல்லை. புயலில் துறைமுகம் சிதைந்த ஊருக்கு மண்வாரி இயந்திரங்களைக் கொண்டுபோகவும் அதுவே வழி.

எனவே அடுத்த முறை இப்படியொரு கப்பலைப் பற்றி எழுதும்போது தங்கள் செய்தியாளர்கள் நான்கு விவரங்களைக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்: கரையேறும் நிலையில் அணியம் எத்தனை அடி அமிழும், எந்தச் சரிவுக்காகக் கட்டப்பட்டது, அந்த நிலையில் எத்தனை டன் ஏற்றலாம், அது இறங்கக்கூடிய கரைகள் கடைசியாக எப்போது அளக்கப்பட்டன.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்