ஏரிக்குப் போகும் ரேடியோவும் அதற்கான கடதாசிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்ராறியோ ஏரியில் மீன்பிடிப்பது பற்றி உங்கள் கோடை இதழில் வந்த கட்டுரையோடு, படகில் இருக்க வேண்டிய பொருட்களின் பட்டியலும் போட்டிருந்தீர்கள். அதில் 'ஒரு வோக்கி ரோக்கி' என்ற வரியைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

கடைகளில் சோடியாக ஒரே பெட்டியில் விற்கும் வோக்கி ரோக்கிகள் 462 மெகாஹேர்ட்ஸ் பக்கம் பேசுபவை. கரையோரக் காவற்படை அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஸ்காபரோவின் புளஃபர்ஸ் பார்க்கில் படகை இறக்கி சால்மன் பிடிக்கப் போகிறவருக்கு வேண்டியது கடல் வி.எச்.எஃப் ரேடியோ, அதாவது படகுகளுக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில் பேசும் செட். அதன் சனல் 16, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது. கையடக்கத் தொலைபேசி இருக்கிறதே என்பார்கள். தொலைபேசியில் ஒருவரோடுதான் பேசலாம். சனல் 16இல் கூப்பிட்டால் அருகில் நிற்கும் படகுக்கும் கேட்கும், பெரும்பாலும் முதலில் வந்து சேர்வதும் அந்தப் படகுதான்.

அடுத்து கடதாசி விஷயம். மோட்டர் படகு ஓட்ட எடுத்த அட்டை ரேடியோவுக்கும் செல்லும் என்று நினைப்பவர்கள் பலர். செல்லாது. கனடாவில் இந்த ரேடியோவில் பேச ஆர்.ஓ.சி மரிரைம் எனப்படும் தனிச் சான்றிதழ் வேண்டும். கையடக்க செட் என்பதால் விலக்கு இல்லை. மத்திய அரசின் சார்பில் கனேடியன் பவர் அன்ட் செயில் ஸ்குவாட்ரன்ஸ் அமைப்பு பரீட்சை நடத்துகிறது. ஒருமுறை தேறினால் ஆயுள் முழுவதும் போதும். உயிராபத்து வந்த நேரத்தில் மட்டும் சான்றிதழ் இல்லாதவரும் தாராளமாகக் கூப்பிடலாம்.

அது பேசுகிற ஆளுக்கானது. செட்டுக்கான நிலைய அனுமதிப்பத்திரம் வேறு. கடல்சார் அலைவரிசைகளில் மட்டும் இயங்கும் செட்டை கனடா நீர்ப்பரப்புக்குள் பாவிக்கும் உல்லாசப் படகுக்கு அது தேவையில்லை. ஆனால் ஒன்ராறியோ ஏரியின் நடுவே எல்லைக்கோடு போகிறது. நயாகரா ஆற்று வாயில் ஒரு கரை நயாகரா ஒன் த லேக், எதிர்க்கரை அமெரிக்காவின் யங்ஸ்ரவுன். கோட்டைத் தாண்டினால் அந்தப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும். மீன் போகும் பக்கம் எல்லாம் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செட் வாங்குவதானால் டி.எஸ்.சியும், அதாவது ஒரு பொத்தானில் ஆபத்துச் செய்தியைத் தானாக அனுப்பும் வசதியும், ஜி.பி.எஸும் உள்ளதையே நான் சொல்வேன். சிவப்பு மூடியைத் திறந்து பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், உங்கள் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் சனல் 70 வழியாகத் தானாகவே போகும். பதில் வரும்வரை ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பவும் அனுப்பும். ஆனால் எம்.எம்.எஸ்.ஐ எனப்படும் ஒன்பது இலக்க அடையாள எண்ணைப் பதியாத செட்டில் இந்தப் பொத்தான் வெறும் அலங்காரம். கனடாவில் அந்த எண் இலவசம், ரேடியோக்களுக்குப் பொறுப்பான மத்திய அரசின் ஐ.எஸ்.ஈ.டி திணைக்களத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். கையடக்க செட்டுக்கு என்று விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். எண்ணைப் பதியும்போது இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். பல செட்களில் ஒருமுறைதான், சிலவற்றில் இரண்டுமுறைதான் பதிய விடும். பிறகு விற்றவரிடமோ தயாரிப்பாளரிடமோதான் கொண்டுபோக வேண்டும். பழைய செட் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. முந்தைய சொந்தக்காரரின் எண் உள்ளே இருந்தால், நீங்கள் பொத்தானை அழுத்த, காவற்படையின் கணினியில் தெரிவது அவருடைய படகு.

தவறுதலாக அழுத்திவிட்டால் செட்டை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. சனல் 16இல் படகின் பெயரையும் எண்ணையும் சொல்லி, அழைப்பு தவறு, ரத்துச் செய்கிறேன் என்று அறிவியுங்கள். இல்லாவிட்டால் உங்களைத் தேடிப் படகு புறப்படும்.

பலரும் தடுமாறும் இடம் இன்னொன்று உண்டு. செட்டின் மெனுவில் கனடா, யு.எஸ்.ஏ, இன்டர்நெஷனல் என மூன்று சனல் அட்டவணைகள் இருக்கும். காவற்படை உங்களை சனல் 22ஏக்கு மாறச் சொல்கிறது என்று வையுங்கள். புதிய செட்களில் அது 1022 என்று தெரியும். அங்கே அனுப்புவதும் கேட்பதும் ஒரே 157.1 மெகாஹேர்ட்ஸில். செட் இன்டர்நெஷனலில் கிடந்தால் 22 என்பது 157.1இல் அனுப்பி 161.7இல் கேட்கும் சனல். நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது. செட் பழுது என்று நினைத்துத் திருத்தக் கொடுப்பவர்களும் உண்டு.

தூரத்தைப் பற்றிப் பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீற்றரில் வரும். ஒன்றரை மீற்றருக்கு 5 கிலோமீற்றர். எதிரில் இருப்பவரும் அதே உயரத்தில் செட்டைப் பிடித்திருந்தால் இருவருக்கும் இடையே 10, அதுவும் ஏட்டுக் கணக்கில். காவற்படையின் 100 மீற்றர்க் கோபுரத்தோடு பேசினால் அதன் 41உம் உங்கள் 5உம் கூட்டி 46 என்று வரும். ஆனால் கையடக்க செட்டின் 5 வாட்ஸும் அந்தக் குட்டி அன்ரெனாவும் அவ்வளவு தூரம் இழுக்கும் என்று எண்ண வேண்டாம். படகில் நிரந்தரமாகப் பூட்டும் செட்டுக்கு 25 வாட்ஸ் இருக்கிறது. எழுந்து நிற்க முடிந்தால் நில்லுங்கள், அன்ரெனாவை நிமிர்த்திப் பிடியுங்கள், அதைக் கையால் பொத்த வேண்டாம். பக்கத்துப் படகோடு பேச 1 வாட் போதும், அதற்கு 72 போன்ற சனலுக்கு மாறிவிடுங்கள்.

பேசும் பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசத் தொடங்குங்கள். முதல் சொல் வெட்டுப்படுவது அந்த அவசரத்தால்தான். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை இரைச்சல் நிற்கும் இடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்டினால் தூரத்துக் குரலும் சேர்ந்து அடங்கிப்போகும். செட்டைப் பைக்குள் திணித்து மேலே சாமான் ஏற்றினால் பேசும் பொத்தான் அமுங்கியே கிடக்கும். அப்போது சுற்றுவட்டாரத்தில் சனல் 16 முழுக்க உங்கள் பையின் சரசரப்புத்தான். பைக்குள் ஜி.பி.எஸுக்கு வானமும் தெரியாது. லைஃப் ஜக்கெற்றின் மார்பில் கொளுவி, இறங்குதுறையிலேயே செட்டை இயக்கிவிட்டால் ஜி.பி.எஸ் உங்கள் இருப்பிடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இயந்திரம் நின்றுவிட்டது, ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் 'பான் பான்' என்று மூன்று முறை. படகு மூழ்குகிறது, ஆள் விழுந்துவிட்டார், தீப்பிடித்துவிட்டது என்றால் 'மேடே' மூன்று முறை. பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். பெயரைச் சொன்ன உடனேயே இடத்தைச் சொல்லுங்கள், இடையில் பற்றரி போனாலும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

பற்றரி எத்தனை மணிநேரம் நிற்கும் என்று தயாரிப்பாளர் சொல்வது 5 வீதம் பேசி, 5 வீதம் கேட்டு, 90 வீதம் சும்மா கிடக்கும் கணக்கு. நீர் புகாத் தரம் ஐ.பி.எக்ஸ் 7 என்றால் 1 மீற்றர் நீரில் 30 நிமிடம் தாங்கும், ஆனால் பற்றரி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் சிக்கினாலும் அந்த உத்தரவாதம் போய்விடும். குளிர்காலத்துக்குப் பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். கராஜில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ