ஞாயிறு மதியம் அடுப்படிக்கும் விடுமுறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்தால் போதும், நாளிதழுக்குள் இருந்து கோடைப் பயிற்சி முகாம் துண்டறிக்கைகள் விழத் தொடங்கிவிடும். அபாகஸ், கீபோர்டு, ரோபோ, கையெழுத்துப் பயிற்சி. பத்து மாதம் பள்ளிக்கு ஓடிய பிள்ளையை மறுபடியும் காலை எட்டரைக்கு வேனில் ஏற்றிவிட்டு அதற்கு விடுமுறை என்று பெயர் வைத்திருக்கிறோம். குடும்பத்தோடு ஓய்வாக இருங்கள், சேர்ந்து விளையாடுங்கள் என்று ஞாயிறு இணைப்புகளும் அவ்வப்போது எழுதுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் எந்த நேரத்தில், என்ன விளையாட்டு, சாப்பிட்ட பாத்திரத்தை யார் கழுவுவது என்ற பேச்சே அதில் வருவதில்லை. அந்த விட்டுப்போன பகுதியைப் பற்றியே இந்தக் கடிதம்.

பாத்திரத்தில் இருந்தே தொடங்கலாம். கறிக்குழம்பு, வறுவல், ரசம், சோறு என்று ஒரு சாதாரண ஞாயிறு சமையலுக்குக் குக்கர் இரண்டு, வாணலி இரண்டு, ரசச் சட்டி ஒன்று, மிக்சி ஜார் இரண்டு, இதற்கு மேல் தட்டும் கரண்டியும். பத்து மணிக்குக் கறி வீட்டுக்கு வந்தால் சாப்பாடு ஒன்றரைக்கு. எல்லோருக்கும் பரிமாறி, கடைசியாகச் சமைத்த அம்மாவும் சாப்பிட்டு, தொட்டி காலியாகும்போது மணி மூன்று. நான்கு மணிக்கு டீ கேட்பார்கள். திங்கட்கிழமை இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி ஐந்து மணிக்கு கிரைண்டருக்குக் காத்திருக்கும். 'வாம்மா, ஒரு ஆட்டம் போடலாம்' என்று பிள்ளை கூப்பிட்டால் 'நீங்க ஆடுங்க, வர்றேன்' என்ற பதில்தான் அடுப்படியில் இருந்து வரும். அவர் வரமாட்டார் என்பது கூப்பிட்ட பிள்ளைக்கும் தெரியும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்று ஆனது. ஐந்து ஆண்டில் பெண்களுக்குக் குறைந்தது பத்தே நிமிடம், ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

ஆகவே, விளையாட்டுச் சாமானை எடுப்பதற்கு முன் இரண்டு வேலைகளை ஞாயிற்றில் இருந்து அப்புறப்படுத்த வேண்டும். முதலாவது மாவு. நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், இதை சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஊறப்போட்டு ஐந்து மணிக்கு ஆட்டிவிடலாம். மே மாதச் சூட்டில் விடியும்வரை வெளியே வைத்தால் புளித்துவிடும். படுக்கப் போகும்போது ஒருமுறை திறந்து பார்த்து, பொங்கியிருந்தால் அப்போதே பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். இரண்டாவது, மதியச் சாப்பாடு. கறி வேண்டுமென்றால் அதை சனி இரவுக்கு மாற்றிக்கொண்டு, ஞாயிறு மதியத்துக்குத் தக்காளி சாதமும் தயிர்ப் பச்சடியும் போதும். கழுவக் கிடப்பது ஒரு குக்கரும் ஒரு கிண்ணமும்தான். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, அவரவர் தட்டை அவரவர் கழுவி, குக்கரை வீட்டு ஆண் தேய்த்தால் ஒன்றே காலுக்கு அடுப்படி விளக்கை அணைத்துவிடலாம். இது நடக்காத வீட்டில் கீழே எழுதியிருப்பது எதுவும் நடக்காது.

அடுத்தது தூக்கம். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இருந்தாலும் பலர் தவறு செய்கிற இடம். மதியம் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் எழும்போது தெளிவு இருக்கும். ஒரு மணி நேரம் நெருங்கினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழ நேர்ந்து, தலை கனத்து, கண்ணில் படுபவர்மேல் எல்லாம் எரிச்சல் வரும். மூன்று மணிக்கு மேல் படுத்தால் இரவுத் தூக்கம் கெடும். திங்கட்கிழமைக் காலையில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு வேர் இங்கேதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பல பிள்ளைகளுக்குப் பகல் தூக்கம் தேவைப்படும். 6 முதல் 12 வயதுக்கு இரவில் 9 முதல் 12 மணி நேரம் கிடைத்துவிட்டால் பகலில் தூங்க வேண்டியதில்லை. அவர்களை அதட்டிப் படுக்கவைத்தால் முழித்துக்கொண்டு புரளுவார்கள், பெரியவர்களையும் தூங்கவிட மாட்டார்கள். பாயை விரித்து, மின்விசிறிக்குக் கீழே சும்மா கிடக்கச் சொல்லலாம். 'போரடிக்குது' என்பார்கள். அதற்கு உடனே செல்போனை எடுத்து நீட்டாமல் கால் மணி நேரம் பொறுத்தால், அவர்களே கூரையைப் பார்த்து ஏதோ கதை கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டரை மணி வெயிலில் வெளியே அனுப்ப முடியாது. தரையில் உட்கார்ந்து ஆடும் நம் ஆட்டங்களுக்கு ஏற்ற நேரம் இதுதான். இவற்றை 'மரபு விளையாட்டு' என்று புகழ்ந்துவிட்டு விதியைச் சொல்லாமல் விட்டுவிடுவதால், கடையில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பல்லாங்குழி அலமாரியில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கிறது.

பல்லாங்குழிக்கு ஏழு ஏழாக 14 குழிகள். குழிக்கு 5 வீதம் 70 காய், அதாவது புளியங்கொட்டையோ சோழியோ. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம், அதோடு முறை முடியும். இரண்டு குழி சேர்ந்தாற்போல் வெறுமையென்றால் கிடைப்பது ஒன்றுமில்லை. வெறுமையான குழியில் காய் சேர்ந்து நான்கானால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் இந்த விதி கொஞ்சம் மாறும், அதில் குற்றமில்லை. ஆட்டத்துக்கு முன் பேசிக்கொண்டால் சரி. ஆனால் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சின்னப் பிள்ளைக்கு எளிதாக இருக்கட்டும் என்று குழிக்கு மூன்று காய் வைத்துத் தொடங்குவார்கள். முதல் கையிலேயே அடுத்தடுத்த மூன்று குழிகளும் நான்காகிப் பசுவாகிவிடும், ஆட்டம் தொடங்கும் முன்பே கலைந்துபோகும். ஐந்தில் தொடங்கும் காரணம் அதுதான்: நான்கைத் தாண்டி நிற்பதால், ஒரு குழி காலியாகித் திரும்ப நிரம்பும்போதுதான் பசு பிறக்கும். எளிதாக்க வேண்டுமானால் காயைக் குறைக்காமல், முதல் இரண்டு ஆட்டத்துக்குப் பசு விதியையே விட்டுவிடலாம்.

பலகை இல்லாவிட்டால் சாக்பீஸால் 14 வட்டம் போட்டால் போதும். முட்டை அட்டையில் ஆடலாம் என்று சிலர் சொல்வார்கள். முப்பது முட்டை அட்டையில் வரிசைக்கு ஆறு குழிதான் வரும், ஏழு வராது. குன்றிமணியை வைத்து ஆடக் கூடாது, அழகாக இருந்தாலும் நஞ்சு. மூன்று வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீட்டில் புளியங்கொட்டையும் ஆபத்துதான், வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் 70 காயையும் எண்ணி டப்பாவில் போடும் வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.

இருவருக்கு மேல் இருந்தால் தாயம். 0, 1, 2, 3 என்று புள்ளி வைத்த இரண்டு கட்டைகளை உருட்ட வேண்டும். இரண்டிலும் வெறுமை விழுந்தால் 12. தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும், தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இங்கே பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவதற்குக் காரணம் அவர்களுடைய பொறுமையின்மை அல்ல, கணக்கு. இரண்டு கட்டைகள் விழும் விதம் மொத்தம் 16. அதில் தாயம் தருவது 2, அதாவது எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயமே விழாமல் போக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நான்கு பேர் ஆடும்போது எட்டு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் காய் இறக்காமல் உட்கார்ந்திருந்தால் அழாமல் என்ன செய்யும்? இதற்கு வழி, 5 விழுந்தாலும் இறங்கலாம் என்று வீட்டு விதி வைத்துக்கொள்வது. வாய்ப்பு நான்கில் ஒன்றாகிவிடும். ஆளுக்கு நான்கு காய்க்குப் பதிலாக இரண்டு காய் வைத்தால் ஆட்டம் இருட்டும்வரை இழுக்காது. கட்டை இல்லையென்றால் புளியங்கொட்டை ஆறை ஒரு பக்கம் கரடான தரையில் தேய்த்து வெள்ளை தெரியும்படி செய்துகொள்ளலாம். ஆறும் வெள்ளையாக விழுந்தால் ஆறு, ஆறும் கறுப்பென்றால் பன்னிரண்டு.

காய் வெட்டுப்பட்ட பிள்ளை அழும் என்று பயந்து வெட்டாமல் விட்டுக்கொடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அவர்கள் ஜெயிப்பதற்கும் மதிப்பில்லாமல் போய்விடும். பாட்டியும் பேரனும் ஒரு கட்சி, அப்பாவும் மகளும் ஒரு கட்சி என்று சேர்த்துவிடுவது மேல். வெட்டுப்பட்டால் வருத்தம் இரண்டு பேருக்கும் சமமாகப் பிரியும். பாட்டிக்கு முழங்கால் மடங்காது என்றால் கட்டத்தை ஸ்டூலில் வைத்து எல்லோரும் நாற்காலிக்கு மாறலாம். தரையில்தான் ஆட வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் இல்லை.

ஆடு புலி ஆட்டம் இரண்டு பேருக்கு. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இந்தக் கோடுகளைச் செதுக்கி வைத்திருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். புதிதாகக் கற்பவருக்கு முதலில் புலியைக் கொடுக்க வேண்டும். ஆட்டை வைத்து ஆடுவது கடினம்: பதினைந்தும் இறங்கும்வரை ஆட்டை நகர்த்த முடியாது, அதற்குள் புலி தாண்டித் தாண்டி அடித்துவிடும். ஆடு வைப்பவர் மறக்கக் கூடாதது ஒன்றே: ஆட்டுக்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால்தான் புலி தாண்டும். மூலையிலும், பின்னால் இன்னொரு ஆடு நிற்கும் இடத்திலும் வைத்தால் பயமில்லை. அவசரப்பட்டு நடுவில் வைத்த ஆடு அடுத்த முறையிலேயே போய்விடும்.

இந்த ஆட்டங்களின் அட்டைப்பெட்டியில் 'மூளை வளர்ச்சிக்கு', 'கணிதத் திறனுக்கு' என்று அச்சடித்து விற்கிறார்கள். வாங்குவதை வாங்குங்கள், ஆனால் ஆட்டத்தின் நடுவே 'இப்ப எத்தனை காய் இருக்கு, ஏழால வகுத்தா மீதி என்ன?' என்று கேட்கக் கூடாது. அந்த நொடியில் அது டியூஷன் ஆகிவிடும். பிள்ளை எந்தக் குழியை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது பக்கத்தில் இருந்து விரல் நீட்டுவதும் அப்படித்தான். ஆட்டம் மூன்றே முக்காலுக்குள் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் காயை எண்ணி ஜெயித்தவரைச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று கெஞ்சும்போது நிறுத்தினால்தான் அடுத்த வாரம் அவர்களே கட்டம் போடுவார்கள்.

வெயில் தாழ்ந்து ஐந்தரைக்கு மேல் வெளியே விட வேண்டும். 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயம் ஆடி அதை ஈடுகட்ட முடியாது. இங்கே குறுக்கே நிற்பது பெற்றோர் மட்டும் அல்ல. அடுக்குமாடி வாசல்களில் தொங்கும் 'பந்து விளையாடத் தடை' பலகையும் பூட்டிய மொட்டைமாடியும்தான். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. குடியிருப்போர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை வண்டி நிறுத்துமிடத்தின் ஒரு பக்கத்தையாவது பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

கடைசியாக, ஆசிரியரிடம் இரண்டு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் 'விடுமுறை விருந்து' என்று பதினைந்து பொருள் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும் பிரியாணிக் குறிப்பு வருகிறதே, அதைத் தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றுங்கள். அந்த இடத்தில் ஒரு வாரம் தாயக் கட்டமும் மறுவாரம் ஆடு புலிக் கட்டமும் அச்சிடலாம். தாயத்துக்கு ஏழுக்கு ஏழு கட்டம், ஒவ்வொன்றும் 3 செ.மீ.; அதற்குக் குறைந்தால் இரண்டு காய் சேர்ந்து நிற்காது. மொத்தம் 21 செ.மீ. சதுரம், அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். பின்பக்கத்தில் யாரும் வெட்டி வைத்துக்கொள்ள விரும்பும் செய்தியை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.