முன்பக்கத்தில் கைது, ஏழாம் பக்கத்தில் விடுதலை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்கு மேலே, நான்கைந்து வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு வருடக்கணக்காக மறியலில் கிடந்த ஒருவரை மேல்நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டதாம். அதை ‘தாமதமானாலும் நீதி வென்றது’ என்று முடித்திருக்கிறார் உங்கள் நிருபர். அவர் இளம்பிள்ளையாக இருப்பார், அவரில் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருட அனுபவமுள்ள நீங்கள் அந்த வரியை வெட்டாமல் எப்படி விட்டீர்கள்?

என் தம்பியும் இப்படி ‘வென்றவன்’தான். வழக்கு என்ன என்று தெரியாமலே தடுப்புக்காவல் உத்தரவு மூன்று மூன்று மாதமாக நீண்டது. பிறகு விளக்கமறியல். அந்தச் சட்டத்தில் பிணை என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. அம்மா இரவு பஸ் ஏறிப் போய் விடிய விடிய வாசலில் நிற்பா. கொண்டுபோன சவர்க்காரத்தைக் காவலர் நடுவால் வெட்டிப் பார்ப்பார். முறுக்கை ஒவ்வொன்றாக முறித்துப் பார்ப்பார். தம்பியின் கைக்குப் போகும்போது எல்லாம் தூள். வழக்குத் தொடங்கிய பிறகாவது முடியும் என்று பார்த்தால் ஒரு தவணைக்குச் சாட்சி வரவில்லை, அடுத்த தவணைக்கு விசாரணை அதிகாரி இடமாற்றத்தில் போய்விட்டார், அதற்கடுத்ததற்கு மொழிபெயர்ப்பாளர் லீவு. சட்டத்தரணிக்குக் கொடுக்கவென்று அடகு வைத்த நகை ஒன்றும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

கடைசியில் அவனுக்கு எதிராக இருந்தது ஒரேயொரு வாக்குமூலம். சிங்களத்தில் ரைப் பண்ணி, கீழே அவன் கையெழுத்து. அந்த நாளில் தம்பிக்குத் தெரிந்த சிங்களம் பஸ் போர்ட்டில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் மட்டும்தான். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் முன் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும் என்பதும், அடித்து வாங்கியது என்றால் அதைக் காட்ட வேண்டியது அடிபட்டவன் பொறுப்பு என்பதும் அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதே சட்டத்தில் தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் வழக்கையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விளங்காத சிங்களத் தாளில் பெருவிரல் அடையாளம்; 1995இல் 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆகியது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அது தவறு என்றது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றமோ, அந்தக் குழுவிடம் முறையிட வழிவிட்ட உடன்பாட்டில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிக் கதையை முடித்தது.

1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்த சட்டம் இது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் நீக்குவோம் என்றார்கள், 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் ஏற்றுமதி வரிச் சலுகை திரும்பி வந்தபோதும் அதே வாக்குறுதி. 2018இலும் 2023இலும் வேறு பெயரில் வரைபு போட்டார்கள். ஒவ்வொரு முறையும் ‘நம்பிக்கை ஒளி’ என்று ஆசிரியர் தலையங்கம் எழுதினீர்கள். ஒளி எங்கே, ஐயா? 2022 திருத்தத்தை நீங்கள் கொண்டாடியதுதான் பெரிய பகிடி. தடுப்புக்காவல் 18 மாதத்திலிருந்து 12 மாதமானதாம். ஒரு வருடம் குற்றப்பத்திரம் இல்லாமல் இருக்கலாம், ஒன்றரை வருடம்தான் கூடாது போலும்! கைதாகி 12 மாதத்துக்குள் வழக்குத் தொடங்காவிட்டால் பிணை கேட்கலாம், ஆனால் அதற்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை கொழும்புக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு அது எவ்வளவு செலவு என்று யாராவது விசாரித்தீர்களா? 16ஆம் பிரிவில் யாரும் கைவைக்கவில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகளை இதே சட்டத்தில் அள்ளியபோது எங்கள் ஆட்களில் பலர் வாய் திறக்கவில்லை. உங்கள் பத்திரிகையும்தான். தமிழில் கவிதை எழுதிய அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே மாதம் பிடித்தார்கள், 2021 டிசம்பரில் பிணை கொடுத்தார்கள், 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என்றார்கள். ஒரு கவிஞருக்கு நடந்ததைக்கூடப் பேசாத தமிழ்ப் பத்திரிகை எதைப் பேசும்? 2022இல் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை உள்ளே போட்டபோதுதான் இப்படியொரு சட்டம் இருப்பதே கொழும்பில் பலருக்குத் தெரியவந்தது. அந்தச் செய்திக்கு மட்டும் உங்களிடம் இடம் தாராளம்.

தம்பி பிடிபட்ட அன்று அவன் அடையாள அட்டைப் படத்தை முன்பக்கத்தில் போட்டு ‘முக்கிய சூத்திரதாரி சிக்கினார்’ என்று தலைப்பிட்டது உங்கள் பத்திரிகைதான். பொலிஸ் சொன்னதை எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தீர்கள். தங்கச்சிக்குப் பேசி வந்த சம்பந்தம் அந்தப் பேப்பரைக் காட்டித்தான் குழம்பியது. அவன் விடுதலையானதும் தீர்ப்பின் பிரதியோடு உங்கள் அலுவலகப் படி ஏறினேன். ‘இந்தக் கிழமை இடமில்லை அக்கா, பார்ப்போம்’ என்றார் மேசையில் இருந்தவர். இன்னும் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

சட்டத்தை நீக்கித் தாருங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. கைதை எந்தப் பக்கத்தில் எவ்வளவு பெரிதாகப் போட்டீர்களோ, விடுதலையையும் அதே பக்கத்தில் அதே அளவில் போடுங்கள். எத்தனை வருடம் உள்ளே இருந்தார் என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். குற்றப்பத்திரம் தாக்கல் செய்யும்வரை படம் போடாதீர்கள். தம்பியின் தீர்ப்புப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. இடம் கிடைத்தால் அறிவியுங்கள்.

என் பெயரைப் பிரசுரிக்க வேண்டாம். தம்பி வெளியில் வந்த பிறகும் மோட்டார் சைக்கிளில் வந்து ‘சும்மா’ விசாரித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் உங்கள் வாசகர்கள்தான்.

இப்படிக்கு,
பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி,
வடமராட்சி.