சாய்தளம் கேட்டால் ‘வோக்’ என்பதா?

டர்பன், தென்னாப்பிரிக்கா

மதிப்பிற்குரிய கோயில் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

கோயில் வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்குக் கூட்டக் குறிப்பில் ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறீர்கள்: “இது வோக் அரசியல், ஏற்பதற்கில்லை.” ‘வோக்’ (woke) என்பது அநீதியைக் கண்டு விழித்திருப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்; இன்று அதை ஏச்சாக வீசுகிறார்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் காரணத்தை எழுதுங்கள்.

தைப்பூசத்தன்று நடந்தது உங்களுக்கே தெரியும். எண்பது கடந்த ஓர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பிள்ளைகள் தூக்கினார்கள். நான்காம் படியில் நாற்காலி சாய்ந்தது. அவர் ஒரு கையால் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுகையில் இருந்த செம்புப் பால் படியெல்லாம் வழிந்தது. சந்நிதிக்கு வெறும் செம்புதான் போய்ச் சேர்ந்தது.

வாசலில் ஏழு படி, படிக்கு 15 சென்டிமீட்டர்; மொத்த உயரம் 105. சரிவு 1:12ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது இந்நாட்டுக் கட்டட விதி. ஆகவே 12.6 மீட்டர் நீளம் வேண்டும். நேராகப் போட இடமில்லை. கார் நிறுத்தும் பக்கமாக ஒரு மடிப்பு மடித்து, திருப்பத்தில் சமதளம் விட்டால் அடங்கிவிடும். நீளத்தைச் சுருக்கினால் சக்கர நாற்காலி பின்னால் உருளும். பணம் இல்லையென்றால் அதையே எழுதுங்கள், பேசலாம்.

‘வோக்’ வசையாகப் பிறந்த சொல் அல்ல. 1931இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது பொய்ப்பழி சுமத்தினார்கள். அவர்களைப் பாடிய கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி, அந்தப் பக்கம் போகிறவர்கள் விழித்திருக்க வேண்டும் என்று 1938 ஒலிப்பதிவில் எச்சரித்தார். அந்த விழிப்புதான் இது. இச்சொல்லை எதிர்த்து அரசியல் செய்த புளோரிடா ஆளுநரின் வழக்கறிஞரிடம் 2022இல் நீதிமன்றத்தில் பொருள் கேட்டார்கள். அமெரிக்கச் சமூகத்தின் அமைப்பிலேயே அநீதி உண்டு, அதைச் சரிசெய்ய வேண்டும் என்னும் நம்பிக்கை என்றார். இதில் ஏச என்ன இருக்கிறது?

உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தை நாம் ‘கூலி’ என்கிறோம். இந்த மண்ணில் அதே ஒலியை நம் பாட்டன்மார் முகத்தில் வசையாக வீசினார்கள். ஒரு சொல்லை வசையாக்கினால் எங்கே வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிர்வாகக் குழுவில் பெண்கள் இடம் கேட்டாலும், இளைஞர்கள் வரவுசெலவு கேட்டாலும் இதே சொல்தான் வருகிறது. தமிழை மதிக்கச் சொல்லும் அரசமைப்பின் 6ஆம் பிரிவை மேடைதோறும் பேசுகிறோம். உடற்குறைக்காக யாரையும் ஒதுக்காதே என்பது அதே அரசமைப்பின் 9ஆம் பிரிவு. தடைகளை நீக்கத் தவறுவதே பாகுபாடு என்கிறது 2000ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம்.

அடுத்த கூட்டத்தில் அந்தச் சொல்லை நீக்கி, முடியும் அல்லது முடியாது என்பதைக் காரணத்தோடு பதியுமாறு பணிவோடு கேட்கிறோம். ஆடியில் கூழ் ஊற்றும்போது அந்த அம்மா மறுபடி வருவார்.

இப்படிக்கு,
மனுவில் கையெழுத்திட்டவர்கள்