தறி அல்ல, ரிங் ஃபிரேம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடப்பட்ட எங்கள் பஞ்சாலையைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படத்தின் கீழே ‘தறியில் துணி நெய்யும் தொழிலாளர்கள்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஐயா, அது நூற்பாலை. அங்கே பெயருக்குக்கூட ஒரு தறி கிடையாது. 26 ஆண்டுகளில் நான் ஒரு முழம் துணி நெய்ததில்லை. படத்தில் இருப்பது ரிங் ஃபிரேம், அதாவது பஞ்சை நூலாக நூற்கும் இயந்திரம். இடமிருந்து மூன்றாவதாக நிற்பவன் நான்.

தறிக்கும் ரிங் ஃபிரேமுக்கும் உள்ள வேறுபாடு தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம், சிட்டத்துக்கு 840 கெஜம், ஆக 33,600 கெஜம் என்பதும் தெரிந்திருக்கும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று நூலைச் சுற்றிக்கொள்ளும் கதிரில் அந்த இழை அறுந்தால், முழங்காலால் பிரேக்கை அழுத்திக் கதிரை நிறுத்தி, முனையைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சிறு கம்பிக் கொக்கியில் மாட்டி, உருளையின் வாயில் கொடுத்துப் பிணைக்க வேண்டும். எனக்கு அது கைவர ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுதினால் தாங்கள் அச்சிட மாட்டீர்கள்.

தங்கள் நிருபர் என் வீட்டுத் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல பிள்ளை. ஏன் இவ்வளவு உரக்கப் பேசுகிறீர்கள் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். கதிர்களின் இரைச்சலுக்கு நடுவே உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள், என் காது அந்த மில்லிலேயே தங்கிவிட்டது என்றேன். சிரித்தார். கட்டுரையில் எனக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘அது ஒரு பொற்காலம் என்று கண்கலங்கினார் ஒரு முன்னாள் தொழிலாளி.’

நான் கண்கலங்கவில்லை. பொற்காலம் என்றும் சொல்லவில்லை. பஞ்சுத் தூசியைப் பற்றிச் சொன்னேன். பஞ்சைப் பிரித்துத் தூசி நீக்கும் ப்ளோ ரூமிலும், அதைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் நின்றவர்களுக்கு வார விடுப்பு முடிந்து திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், இருமல் வரும். மறுநாள் கொஞ்சம் தணியும். மருத்துவர்கள் இதை பிஸினோசிஸ் என்கிறார்கள். ஆண்டுகள் போகப் போக அந்த இறுக்கம் எல்லா நாளும் கூடவே இருக்கும். படத்தில் எனக்கு இடப்பக்கம் நிற்பவர் முதலில் கார்டிங்கில் பதினைந்து ஆண்டு இருந்தவர். கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். இதையெல்லாம் நிருபர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அச்சில் ஓர் எழுத்துகூட இல்லை. பாழடைந்த கூரையில் கூடு கட்டியிருக்கும் புறாக்களுக்கு ஒரு முழுப் பத்தி கிடைத்திருக்கிறது. புறாக்களுக்கு என் வாழ்த்துகள்.

‘நலிவடைந்ததால் ஆலை மூடப்பட்டது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நலிவு என்ன, மழையா, தானாக வந்து பெய்வதற்கு? ஒரு ஃபிரேமுக்கு உதிரிபாகம் வேண்டுமென்றால் பக்கத்து ஃபிரேமைக் கழற்றினார்கள். பிறகு அதற்கும் பக்கத்து ஃபிரேமை. கடைசியில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார்கள். கேட்டபோது, நாங்கள் சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். நிலுவைத் தொகை கேட்டு வாசலில் உட்கார்ந்தோம். அன்றைக்குத் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, போக்குவரத்துக்கு இடையூறு என்பது. அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன். இடப் பற்றாக்குறை இருந்திருக்கும்.

இப்போது நான் கேட்பது இரண்டுதான். படக்குறிப்பில் ‘தறி’ என்பதைத் திருத்தி ஒரு வரி வெளியிடுங்கள். நிருபர் வாங்கிச் சென்ற மூலப் படத்தைத் திருப்பி அனுப்புங்கள். அதன் பின்பக்கத்தில் பதினோரு பேருடைய பெயர்களும் பென்சிலில் இருக்கின்றன, எனவே அங்கே பசை எதுவும் ஒட்ட வேண்டாம். முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கட்டுரையில் வரும் ‘ஒரு முன்னாள் தொழிலாளி’